ஒரு மஞ்சள் அட்டைக்காக

பெனிஷ்,
8 ஜனவரி 1995

அன்புத் தம்பி தொமேவுக்கு,

அக்கா அல்ஸீரா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகம். பெல்ஜியத்துக் குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அப்பாவைப் பற்றிச் சுகம் என்று எழுத முடியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அவருக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. பதறாதே. இப்போது எழுந்து நடமாடுகிறார். டாக்டரையே திட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டார். ஆனால் இனிமேல் பாரம் தூக்கவே கூடாதாம். மீன் கூடையை அவர் எப்போதோ விட்டுவிட்டார், அது கவலை இல்லை. கவலை சப்பரம்தான். தவக்காலப் பவனியில் சிலுவை சுமந்த ஆண்டவர் வருகிற சப்பரத்தின் முன் வலது தண்டு நம் வீட்டுத் தண்டு. பவனியை நடத்துகிற சபையின் வழக்கம் உனக்குத் தெரியும். தகப்பனால் முடியாவிட்டால் மகன் பிடிக்க வேண்டும். மகன் வராவிட்டால் அது வேறு வீட்டுக்குப் போய்விடும். போனது திரும்பி வராது.

பக்கத்து வீட்டுக் கின்தீனோ சும்மா இருப்பாரா? சபைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஆரம்பித்துவிட்டார். "பல்தசார் அண்ணே, உங்க பையன் இப்ப எந்த ஊர்ல பந்து உதைக்கிறான்னு உங்களுக்கே தெரியாது. பேசாம என் மருமகன்கிட்ட தண்டைக் குடுத்துடுங்க. அவன் தோளாவது உள்ளூர்ல கிடக்கு."

நாலு பேர் சிரித்தார்கள். அப்பா மட்டும், "பவனிக்கு மொத நாள் வரைக்கும் பொறுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அவர் யாருக்காகப் பொறுக்கச் சொல்கிறார் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. அவராக உன்னைக் கூப்பிட மாட்டார். நான் கூப்பிடுகிறேன். பவனி மார்ச் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை. வந்துவிடுடா.

கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அக்கா
அல்ஸீரா


ஒஸ்டெண்ட்,
22 ஜனவரி 1995

பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று பயிற்சிக்குத் தாமதமாகப் போனேன். அப்பா மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? உப்புப் போட்ட மீனை அவர் கண்ணில் காட்டாதே. என் முழங்கால் மழை வருவதை முன்கூட்டிச் சொல்கிறது, இந்த ஊரில் அதற்கு ஓய்வே இல்லை.

மார்ச் பன்னிரண்டு ஆட்ட நாள். இந்தப் பயிற்சியாளரிடம் பவனிக்கு லீவு கேட்டால் இப்படியும் ஒரு ஆளா என்று என்னை அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார். ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. நடுக்களத்தில் என் இடத்துக்கு இரண்டு பையன்கள் காத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் மூச்சே வாங்குவதில்லை.

எத்தனை ஊர் பார்த்துவிட்டேன் அக்கா. லிஸ்பனில் பெஞ்சைத் தேய்த்தேன். ஸ்பெயினில் ஒரு வருடம் கைதட்டினார்கள், மறு வருடம் அதே ஆட்கள் விசிலடித்தார்கள். இத்தாலியில் பந்தைப் பார்க்காதே, எதிராளியின் இடுப்பைப் பார் என்றார்கள். அங்கே பந்தையே பார்க்காமல் சம்பளம் வாங்கினேன். இப்போது இங்கே சேறு. ஒவ்வொரு ஊரிலும் ஜூன் வந்தால் பெட்டி கட்டுவேன், வழியனுப்ப யாரும் வர மாட்டார்கள்.

அம்மா இறந்ததும் அந்த இத்தாலி நாட்களில்தான். தந்தி சனிக்கிழமை வந்தது. மறுநாள் தோற்றால் கிளப் கீழ் லீக்குக்கு இறங்கிவிடும். ஆடிவிட்டுப் போ என்றார்கள், ஆடினேன். நான் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அப்பா வாசலில் நின்றுகொண்டு, "ஜெயிச்சீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மூன்று வருடமாக அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் என்னிடம் பேசவில்லை. அந்த "ஆமாம்" என்பதை எத்தனை முறை திரும்ப எடுத்துக்கொள்ள நினைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? கேட்காவிட்டாலும் எழுது.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

தொமே


பெனிஷ்,
5 பிப்ரவரி 1995

தம்பி தொமேவுக்கு,

எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து தலைவலி.

ஆண்டவர் சிலுவை சுமக்க உன் பயிற்சியாளரிடம் லீவு கேட்க வேண்டுமா? நன்றாக இருக்கிறதடா உன் பிழைப்பு!

அப்பா கேட்டாரா என்று கேட்கிறாய். வாயால் கேட்கவில்லை. ஆனால் பவனிக்கு உடுத்துகிற ஊதா அங்கியைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டார். பிறகு என்னிடம் கொடுத்து, "கழுத்தைக் கொஞ்சம் பிரிச்சு விடு" என்றார். அவர் கழுத்துக்கு அது தொளதொளவென்று கிடக்கிறது. அப்புறம் யாருக்குப் பிரிக்கச் சொல்கிறார்? கின்தீனோவின் மருமகனுக்கா? அவனுக்குக் கோழிக் கழுத்து.

மீன் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, அந்தக் கழுத்தைப் பிரித்துத் தைத்தேன். தைக்கும்போது அழுகை வந்தது, உன் மேல் கோபமும் வந்தது. இதற்கு மேல் நான் என்ன எழுத?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அல்ஸீரா


ஒஸ்டெண்ட்,
16 பிப்ரவரி 1995

என் அக்காவுக்கு,

தலைவலி போயிற்றா? இதைப் படி, போய்விடும். நான் வருகிறேன்.

எப்படி என்று சொல்கிறேன், அப்பாவிடம் மட்டும் சொல்லாதே. இந்தப் பருவத்தில் நான் வாங்கிய மஞ்சள் அட்டைகளோடு இன்னும் ஒன்று சேர்ந்தால் அடுத்த ஆட்டத்துக்குத் தடை. மார்ச் நான்காம் தேதி வேறு ஊர்க்காரர்களோடு ஆட்டம். அதில் ஒரு அட்டை வாங்கிவிட்டால் பன்னிரண்டாம் தேதி ஆட்டத்தில் நான் இல்லை. களத்தில் இறங்க முடியாதவனைப் பயிற்சியாளர் கட்டியா வைப்பார்?

இதில் புதிதாக ஒன்றும் இல்லை. எங்கள் அணியில் ஒரு பிரேசில்காரன் இருக்கிறான். கிறிஸ்துமஸ் நெருங்கினால் அவனுக்கு நடுவர்கள் மேல் தாங்க முடியாத கோபம் வந்துவிடும். வருடம் தவறாமல் வீட்டுக்குப் போய் விருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறான். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை.

அங்கியை இஸ்திரி போட்டு வை.

உன் தம்பி
தொமே


பெனிஷ்,
25 பிப்ரவரி 1995

என் தங்கத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் பரம சுகம்! உன் கடிதத்தைத் தொழிற்சாலையில் மறைத்து வைத்துப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவள், "என்னடி, புருஷன் கடல்லேருந்து காதல் கடுதாசி போட்டிருக்கானா?" என்று கேட்டாள். திருட்டுப் பயலே, இந்த மூளையைப் பள்ளிக்கூடத்தில் காட்டியிருந்தால் நீயும் டாக்டராகியிருப்பாய்.

யாரையும் பலமாக இடித்துவிடாதே. சட்டையைப் பிடித்து இழுத்தால் போதாதா? அதற்கும் அட்டை உண்டு என்று என் சின்னவன் சொல்கிறான்.

அப்பாவிடம் வாய் திறக்கவில்லை. உன் பழைய அறையைக் கூட்டிப் பெருக்கினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஜன்னல் கதவு கிறீச்சிட்டது, அதற்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போனார்.

சீக்கிரம் வா. உனக்குப் பிடித்த மீன் குழம்பு வைக்கிறேன்.

அக்கா


ஒஸ்டெண்ட்,
5 மார்ச் 1995

அக்காவுக்கு,

சுகம். அட்டை கிடைத்துவிட்டது. இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்தாலும் சேருவேன். வெள்ளிக்கிழமை வீட்டில் இருப்பேன். வேறு ஒன்றும் இல்லை.

தொமே


பெனிஷ்,
13 மார்ச் 1995

தொமேவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு மனம் இல்லை. எங்கே இருக்கிறாய்? உயிரோடு இருக்கிறாயா? என்னடா பண்ணினாய்?

வெள்ளிக்கிழமை வந்தாய். குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாய். அப்பா பேசாவிட்டாலும் ரொட்டிக் கூடையை உன் பக்கமாகத் தள்ளி வைத்தார், நான் பார்த்தேன். சனிக்கிழமை சப்பரத்துக்குப் பூ அலங்காரம் செய்யக் கோவிலுக்குப் போனேன். திரும்பி வந்தால் கட்டிலில் அங்கி மட்டும் கிடக்கிறது, உன் பெட்டியைக் காணோம்.

"அப்பா, தொமே எங்க?"

"போக வேண்டிய எடத்துக்குப் போயிருக்கான்."

"நாளைக்குப் பவனியாச்சேப்பா!"

"தெரியும்" என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு நேராகக் கின்தீனோ வீட்டுக்குப் போனார். தண்டைத் தருகிறேன் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்தார்.

நேற்று அந்தக் கோழிக் கழுத்துக்காரன் நம் தண்டைச் சுமந்துகொண்டு நம் வாசல் வழியாகப் போனான். மழை. அப்பா தலையில் ஒன்றும் இல்லாமல் நின்று கும்பிட்டார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒரு வார்த்தை எழுது. உன்னைத் திட்டுவதற்காவது எனக்குக் காரணம் தெரிய வேண்டும்.

அல்ஸீரா


ஒஸ்டெண்ட்,
21 மார்ச் 1995

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். அதைத் தவிர என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. போன கடிதத்தில் எழுதாமல் விட்டதை இதில் எழுதுகிறேன்.

நீ சொன்னதைத்தான் முதலில் செய்தேன். சட்டையைப் பிடித்து இழுத்தேன், நடுவர் ஊதவில்லை. பந்தைத் தூர உதைத்தேன், விரலை மட்டும் ஆட்டினார். அவரிடம் போய்க் கத்தினேன். நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே, "போப்பா, போய் ஆடு" என்றார். ஆட்டம் முடியப் போகிறது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கின்தீனோ சபையில் சிரிப்பது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. அப்போது எதிரணியில் ஓரத்தில் ஆடுகிற ஒரு பையன் பந்தோடு என்னைத் தாண்டினான். யோரிஸ் என்று பெயர், வயது பத்தொன்பது. பந்து எனக்கு எட்டாது என்று தெரியும். தெரிந்துதான் காலை நீட்டினேன்.

எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

நடுவர் ஓடி வந்து மஞ்சள் அட்டையைக் காட்டினார். சிவப்பு இல்லை, மஞ்சள்தான். அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்தப் பையன் தரையில் கிடந்து அவன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

அவனை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால் போக வேண்டியிருக்கும், போனால் வீட்டுக்கு வர முடியாது. பெட்டியைக் கட்டிவிட்டேன்.

நீ கோவிலில் இருந்தபோது அப்பா கடைத்தெருவிலிருந்து விளையாட்டுப் பத்திரிகையோடு வந்தார். வெளிநாட்டில் ஆடுகிற நம் ஆட்களைப் பற்றி ஒரு ஓரத்தில் போடுவார்களே, அதில் நான் யோரிஸின் காலை முறித்தது வந்திருந்தது. நான் அங்கியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். மூன்று வருடம் கழித்து என்னிடம் பேசினார் அக்கா.

"அந்தப் பையன் எப்படி இருக்கான்?"

"தெரியலப்பா."

"போய்ப் பாத்தியா?"

"இல்ல. இங்க வரணும்னு..."

"இதுக்காகத்தான் மிதிச்சியா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அப்பா என் அங்கியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு உங்கம்மாவ விட்ட. இப்ப அவனையும் விட்டுட்டு வந்துட்ட" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "கழட்டு. போய் அவனப் பாரு."

"நாளைக்குப் பவனிப்பா."

"பவனி நடக்கும். நீ போ."

திங்கட்கிழமை யோரிஸைப் பார்த்தேன். காலில் இரும்புக் கம்பிகள். அவன் அம்மா ரொட்டிக் கடையில் வேலை செய்கிறவள், பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஈரத்தில் கால் வழுக்கிவிட்டது, மன்னித்துக்கொள் என்றேன். ஆமாம், வழுக்கிவிட்டது என்று சொன்னேன். அவன் என்னைச் சமாதானப்படுத்தினான். "பரவால்லண்ணே, ஆட்டத்துல நடக்கறதுதானே" என்றான். அந்த அம்மா எனக்கும் ஒரு துண்டு ஆப்பிள் கொடுத்தாள். வாங்கித் தின்றேன்.

என்னைத் திட்டு. ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே.

தொமே


பெனிஷ்,
23 ஏப்ரல் 1995

தம்பிக்கு,

ஒரு மாதமாக உனக்கு எழுத உட்காருவேன், முடியாமல் எழுந்துவிடுவேன். பிள்ளைகள் சுகம். ஈஸ்டர் அன்று உன் தட்டையும் பழக்கத்தில் எடுத்து வைத்துவிட்டேன்.

உன்னைத் திட்டலாம் என்றால் என் சிரிப்பு ஞாபகம் வருகிறது. அந்த அட்டைக் கதையைப் படித்து நானும்தானே குதித்தேன்? எங்கோ ஒருத்தி ரொட்டிக் கடையில் நின்றுகொண்டிருப்பாள், அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும்.

அப்பா தினமும் கேட்டார். "அந்தப் பையன் எப்படியாம்? எழுதினானா?" ஒரு நாள் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நீ அவனிடம் வழுக்கிவிட்டது என்று சொன்னதையும். அவர் உடனே, "பெல்ஜியத்துக்கு வண்டி எப்ப?" என்று கேட்டார்.

அங்கே வேலைக்குப் போகிற நம் ஆட்களுக்கு ஒரு பஸ் விடுகிறார்கள், அதில்தான் வருகிறேன் என்கிறார். டாக்டர் கூடாது என்கிறார். நான் அழுது பார்த்தேன், "நீ சும்மா இரு" என்று அடக்கிவிட்டார். மே மாதம் நடுவில் வருகிறார். உன்னைப் பார்க்க வருகிறார் என்று நினைத்துக்கொள்ளாதே. அவரே அப்படிச் சொல்லச் சொன்னார்: "அவனுக்காகப் போகல, அந்தப் பையனுக்காகப் போறேன்."

மாத்திரையை அவர் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். படிகளில் ஏறும்போது கையைப் பிடித்துக்கொள். தட்டிவிட்டாலும் பிடி.

அக்கா


ஒஸ்டெண்ட்,
21 மே 1995

என் அக்காவுக்கு,

முதலில் உன் பயம் தீர எழுதிவிடுகிறேன். அப்பா சுகம். பஸ்ஸில் கால் வீங்கியிருந்தது, இப்போது வடிந்துவிட்டது. இந்த ஊர்க் காப்பியைக் குடித்துவிட்டு, "இதுக்குக் கடல் தண்ணி பரவால்ல" என்றார். நாளை மறுநாள் வண்டி ஏறுகிறார்.

யோரிஸ் இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். கம்பை ஊன்றிக்கொண்டு நடக்கிறான். இனிமேல் ஆட முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நேற்று அப்பாவை அங்கே அழைத்துப் போனேன். நீ கொடுத்தனுப்பிய மத்தி டப்பாக்களை மேஜை மேல் வைத்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவனுக்கு எதிரில் உட்கார்ந்தார். அவன் அம்மா கதவோரம் நின்றாள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நான் சொல்றத அவங்க பேச்சுல அப்படியே சொல்லு. கூட்டாத, குறைக்காத."

"சரிப்பா."

"இவன் என் மகன்."

மூன்று வருடமாக நான் ஏங்கிய வார்த்தை அதுதான் அக்கா. "நான் இவருடைய மகன்" என்று அவர்கள் மொழியில் சொன்னேன். அப்பா காத்திருந்தார்.

"கால் வழுக்கலன்னு சொல்லு. வேணும்னேதான் மிதிச்சான்னு சொல்லு. ஊருக்கு வரணும்னு மிதிச்சான்."

அப்பாவுக்கு அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. மழையைப் பற்றி நான் பேசியிருந்தாலும் நம்பியிருப்பார். யோரிஸ் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவனுக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று நினைத்தேன். நினைக்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

சொல்லிவிட்டேன்.

"நான் பெத்த பிள்ள செஞ்சதுக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன்" என்றார் அப்பா. அதையும் சொன்னேன்.

யோரிஸ் முதலில் தன் காலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப நான்தானே உனக்கு ஆறுதல் சொன்னேன்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் அம்மா மத்தி டப்பாக்களை எடுத்து என் கையில் திணித்தாள், கதவைத் திறந்துவிட்டாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் அப்பா.

"போகச் சொல்றாங்கப்பா."

"சொல்லத்தான் செய்வாங்க" என்று எழுந்துகொண்டார்.

தெருவில் நடந்தோம். பஸ் நிறுத்தத்தில் நான் அந்த டப்பாக்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பைத்தியக்காரன் மாதிரி நின்றிருக்கிறேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "காலையிலேருந்து ஏதாவது சாப்டியாடா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். தெருவென்றும் பாராமல் அழுதேன். அவர் தேற்றவில்லை, விலகிப் போகவும் இல்லை. பஸ் வருகிறவரை பக்கத்திலேயே நின்றார்.

அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. சைப்ரஸில் ஒரு கிளப்பிலிருந்து போன் செய்து கூப்பிட்டார்கள், வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இந்த ஜூனில் நான் பெட்டி கட்டப் போவதில்லை. அவன் வீட்டுக் கதவை மறுபடியும் தட்டப் போகிறேன். திறக்க மாட்டார்கள் என்று தெரியும். ஊருக்கு எப்போது வருவேன் என்று கேட்காதே, அப்பா கேட்கவில்லை.

பிள்ளைகளை அணைத்துக்கொள். அப்பா வந்து இறங்கியதும் அவர் சுகத்துக்கு ஒரு வரி எழுது.

உன் தம்பி
தொமே